பெருவிரல் பதிந்த உப்பு

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சஜ்ஜாத் தன் மனைவியிடம் திரும்பத் திரும்பக் கேட்டது மூன்றே கேள்விகள்தான்: சாப்பாடு ஆச்சா, ஜீப் சாவி எங்கே, உங்க அத்தா ஏதும் சொன்னாரா. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கொடைக்கானலில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவன் பகல் முழுக்க வெளியூர்க்காரர்களுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்து போவான். வீட்டுக்கு வந்தால் அவன் வாய்க்கு விடுமுறை. அர்ஃபாவும் அதற்குப் பழகிவிட்டாள்.

அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டீயை ஆற்றிக்கொண்டே, "இன்னைக்குக் கிளாஸ்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டான். தன்னைத்தான் கேட்கிறானா என்று அர்ஃபாவுக்குச் சந்தேகமாகிவிட்டது. வீட்டில் வேறு ஆள் இல்லை. எனவே அவளைத்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற காது ஒன்று கிடைத்துவிட்டால் அப்புறம் வாயை யார் அடக்குவது? அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் பேசினாள்.

அவள் போய்க்கொண்டிருந்தது காட்டுயிர்ச் சூழலியல், வாழிடப் பராமரிப்பு இரண்டுக்குமான அடிப்படைப் பயிற்சி. சின்ன அறக்கட்டளை ஒன்று உள்ளூர்க்காரர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் நடத்தியது. பிளஸ் டூவில் விலங்கியலில் பள்ளிக்கே முதலாக வந்தவள் அர்ஃபா. அதற்குமேல் படிக்கவைக்க யாருக்கும் தோன்றவில்லை. பஜாரில் அத்தாவின் மளிகைக் கடைக்குக் காலையில் வந்து மதியம்வரை இருப்பாள். பயிற்சியில் சேர்ந்ததும், "பாய் கடைப் பொண்ணு காட்டுமாட்டுக்கு டியூஷன் எடுக்கப் போகுதாம்" என்று பஜாரே சிரித்தது. சிரிக்கட்டும். சிரிப்புக்கு வரியா போடுகிறார்கள்?

அத்தா சம்சுல் ஆலம் பாயின் கடை என்றாலே மாடு வைத்திருப்பவர்களும் ஏரிக்கரைக் குதிரைக்காரர்களும் தேடி வருவது உப்புருண்டைக்காக. கல்லுப்பை இடித்து, தவிடும் வெல்லக் கழிவும் போட்டுப் பிசைந்து, கைக்கு அடங்கும் அளவில் உருட்டி, நடுவில் பெருவிரலால் ஒரு குழி அழுத்திக் காயவைப்பது. குழி இருந்தால்தான் இந்த மலையின் அரைகுறை வெயிலில் உள்வரை காயும். மாட்டின் தொட்டியில் ஒன்றைப் போட்டால் நாளெல்லாம் நக்கிக்கொண்டே நிற்கும். வேறு எந்தக் கடையிலும் இது கிடையாது. உருட்டுவதும் குழி அழுத்துவதும் அர்ஃபாவின் கைதான்.

வகுப்பெடுத்த சௌம்யா கோயம்புத்தூர்க்காரி, அர்ஃபாவைவிட வயதில் சின்னவள். பெரிய பூட்ஸ், சின்னப் பொறுமை. முதல் நாளே எல்லோரையும் ஊருக்கு மேலே ஊத்துப்பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். ஒரு காலத்தில் சதுப்பும் புல்வெளியுமாக இருந்த இடம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்டுப் பரவிய வாட்டில் மரங்கள் இப்போது அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. அடியில் ஒரு புல் இல்லை.

"பச்சைப்பசேல்னு இருக்கு இல்ல?" என்றாள் சௌம்யா.

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"சரி, ஒரு காட்டுமாடு இங்க வந்தா எதைத் திங்கும்?"

சௌம்யா வலது கையை விரித்தாள். நான்கு விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். தீனி, தண்ணி, மறைவு, நடமாட இடம். இந்த நாலும் இருந்தால் அது மிருகத்தின் வீடு. ஒன்று குறைந்தாலும் அது வேறு வீடு தேடும். அந்த வேறு வீடு நம் தெருவாகவும் இருக்கலாம். அப்புறம் மடக்காமல் நின்ற பெருவிரலைக் காட்டினாள். "இது உப்பு. மண்ணுல இருக்கிற உப்பை அதுவே தேடிக்கும். நாம கொண்டுபோய் வைக்கவே கூடாது. வெச்சா கூட்டமா ஒரே எடத்துக்கு வரும், நோவு தொத்தும், மனுஷ வாசனை பழகிரும். விரட்டினா ஓடுற மாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பழகின மாட்டுக்குத்தான் பயப்படணும்."

அர்ஃபா இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சஜ்ஜாத்திடம் சொன்னாள். பெருவிரலையும் சொன்னாள்.

ஊத்துப்பள்ளத்துக்குக் கீழே, சாலையை ஒட்டிப் பட்டிப்பாறைக் காலனி இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அங்கே லெட்சுமி இருந்தாள். சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி வந்தவள், ஐம்பதைத் தாண்டியும் பேச்சில் தோட்டத்து வாடை போகவில்லை. கேரட்டுக் காட்டுக்கும் பூண்டுக் காட்டுக்கும் கூலிக்குப் போகிறவள். விடிகிற நேரத்தில் வாட்டில் காட்டுப் பாதையில்தான் நடக்க வேண்டும். பாதியில் காட்டுமாடு குறுக்கே நின்றால் அது மனசு வைத்து நகரும்வரை மரத்தோடு மரமாக நிற்க வேண்டியதுதான். "இன்னைக்கும் சொணங்கிப் போச்சு புள்ள, மேஸ்திரி திருப்பி அனுப்பிட்டான்" என்று வெறுங்கையோடு கடைக்கு வந்து உட்காரும் நாட்கள் உண்டு. அர்ஃபா டீ போட்டுக் கொடுப்பாள். இப்படித்தான் அந்தச் சினேகிதம் வளர்ந்தது.

பயிற்சியில் ஒவ்வொரு குழுவும் ஒரு இடத்தைச் சீர்செய்து காட்ட வேண்டும். அர்ஃபா ஊத்துப்பள்ளத்தைக் கேட்டு வாங்கினாள். வனத்துறை அனுமதி அறக்கட்டளை வழியாக வந்தது. வேலைக்கு ஆள்தான் இல்லை. அவள் நேராகக் காலனிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசினாள்.

"மேல புல்லு இல்ல, தண்ணி இல்ல, அதான் கீழ எறங்குது. நாம புல்லைக் கொண்டுவந்துட்டா மாடு அங்கனயே நின்னுக்கும். உங்க பாதைக்கு வராது. இதுக்கு நான் பொறுப்பு."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொறுப்பு என்ற வார்த்தையைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுக் காது புளித்தவர்கள். லெட்சுமிதான் எழுந்தாள். "இந்தப் புள்ள பொய் கதைக்காது. நான் போறேன். வர்றவ வாங்க" என்றாள். வந்தார்கள்.

ஞாயிறு தவறாமல் வேலை நடந்தது. எல்லாவற்றையும் வெட்டிச் சாய்க்கிற வேலை இல்லை அது. வாட்டில் நிழலில் ஒண்டி வளர்ந்துகொண்டிருந்த இந்த மலைக்கே உரிய சோலை மரக்கன்றுகளை அடையாளம் கண்டு அவற்றுக்கு நிழல் தரும் வாட்டிலை விட்டுவைக்க வேண்டும். சதுப்புக்குள் நிற்பதை மட்டும் எடுக்க வேண்டும். எடுத்தபின்தான் உண்மையான பாடு. மண்ணுக்குள் வருஷக்கணக்காகத் தூங்கிக் கிடந்த வாட்டில் விதைகள் வெளிச்சம் பட்டதும் கொல்லென்று முளைத்துக் கிளம்பும். ஒவ்வொரு மழைக்கும் கையால் பிடுங்க வேண்டும். ஒரு மழை விட்டால் பட்டதெல்லாம் வீண். லெட்சுமி பிடுங்கியதுபோல யாரும் பிடுங்கவில்லை. கொழுந்து கிள்ளிய வம்சம், கை அப்படி ஓடும்.

புல் வந்தது. முதலில் சேற்றோரம் மீசை அரும்பினதுபோல, அப்புறம் முழங்கால் அளவுக்கு. ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் தேங்கியது. ஒரு நாள் காலை அர்ஃபாவும் லெட்சுமியும் மேட்டிலிருந்து எட்டிப் பார்த்தபோது கூட்டமாகக் காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைக் காலுறை போட்ட கால்கள் சேற்றில் புதைந்திருந்தன. ஒரு கன்று தாயின் வயிற்றை முட்டியது. லெட்சுமி அர்ஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னதச் செஞ்சுட்டீங்களே" என்றாள். அர்ஃபாவுக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்நாளில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பாதை காலியாகவே இருந்தது. லெட்சுமி வெள்ளனே கிளம்பி வெரசாகப் போய்ச் சேர்ந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் சஜ்ஜாத்திடமும் சொன்னாள். "மச்சான், இப்ப மாடு ரோட்டு வளைவுப் பக்கம் வர்றதே இல்ல, தெரியுமா?"

"தெரியும்" என்றான் அவன். சிரித்தான். "சந்தோஷம்தான்."

அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? வாட்டில் காட்டு வளைவில் ஜீப்பை நிறுத்தி, "சார், லெஃப்ட் சைடு பாருங்க, வைல்டு பைசன்" என்று காட்டுவதுதான் அவன் டிரிப்பின் உயிரே. இப்போது வளைவில் ஒன்றும் இல்லை. வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, போனில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள். இதை அவன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் யோசித்திருப்பாள். அவன் சொல்லாமல் கேட்டான். மாடு எத்தனை தூரம் வரை உப்பை மோப்பம் பிடிக்கும், எந்த நேரம் வரும், புல்லை விட்டுவிட்டு வருமா. அவள் சௌம்யாவிடம் கேட்டு வந்துகூடப் பதில் சொன்னாள். புருஷனுக்குப் படிப்பில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தாள், பாவி.

கடையிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஒரு சாக்கு உப்புருண்டை எடுத்துப் போக ஆரம்பித்தான். "ஏரிக்கரையில குதிரைக்காரங்க கேக்குறாங்க, அங்கிட்டுப் போறப்ப குடுத்துடுறேன்" என்றான். மாப்பிள்ளைக்கு வியாபாரத்தில் அக்கறை வந்ததே என்று அத்தாவுக்கும் பெருமை. சாக்கைத் தூக்கி ஜீப்பில் வைக்க அர்ஃபாவும் ஒரு கை பிடித்தாள்.

பங்குனி மாதத்தில் ஒரு விடிகாலை லெட்சுமியைக் காட்டுமாடு குத்திவிட்டது. பாதையை ஒட்டி, வளைவுக்குச் சற்றுக் கீழே. தொடை கிழிந்து, விலா இரண்டு முறிந்து, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் தப்பியது. காலனியில் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: "பொறுப்புன்னு சொன்ன பொண்ணு எங்க?"

பொறுப்புன்னு சொன்ன பொண்ணு கடைக்குள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லெட்சுமி வீடு திரும்பிய பிறகும் பார்க்கப் போகவில்லை. கிளம்பினாள், காலனித் தண்ணீர்த் தொட்டிவரை போனாள், எந்த இடத்தில் நின்று வாக்குக் கொடுத்தாளோ அந்த இடத்தைத் தாண்டக் கால் வரவில்லை. திரும்பிவிட்டாள். மறுபடி ஒரு நாளும் அப்படியே ஆயிற்று.

"பொலம்பாம யோசிங்க" என்றாள் சௌம்யா. "மேல புல்லு கெடக்கு, தண்ணி கெடக்கு. இருந்தும் எறங்குதுன்னா மேல இல்லாதது ஏதோ கீழ இருக்கு. வாங்க பாப்போம்."

நல்ல பகல் வெளிச்சத்தில், வனக்காவலர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இருவரும் வளைவுப் பக்கம் போனார்கள். பாதையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. வாட்டில் மரங்களுக்கு நடுவே தரை வழவழவென்று இருந்தது. மாடுகள் மண்ணை நாக்கால் நக்கி நக்கிக் குழியாக்கியிருந்தன. சுற்றிலும் குளம்புத் தடம். சருகுக்கு அடியில் பழுப்பாக ஏதோ தென்பட்டது. சௌம்யா எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அர்ஃபாவிடம் கொடுத்தாள்.

பாதி கரைந்த உருண்டை. நடுவில் ஒரு குழி. அர்ஃபாவின் பெருவிரல் அவளைக் கேட்காமலே அந்தக் குழிக்குள் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

"என்ன இது?" என்றாள் சௌம்யா.

"தெரியல" என்றாள் அர்ஃபா. கீழே போடுவதுபோலக் குனிந்து, அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் சஜ்ஜாத் டீக்கு உட்கார்ந்ததும் தட்டில் பிஸ்கெட்டுக்குப் பதில் அந்த உருண்டையை வைத்தாள். அவன் பார்த்தான். மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதல் அடி. மறுத்திருந்தால் ஒரு நிமிஷமாவது நம்பியிருப்பாளே.

"நீதான சொல்லிக் குடுத்த" என்றான். "மாடு வரணும்னா என்ன வேணும்னு கை வெரலை மடக்கிப் பாடம் எடுத்தவ நீ."

"வைக்கக் கூடாதுன்னும் சொன்னேனே மச்சான்."

"ஆமா, சொன்ன. உன் புல்லு வளந்துச்சு, ஊரே உன்னயக் கொண்டாடுச்சு. என் ஜீப்பு நின்னுச்சே, ஒரு வார்த்தை கேட்டியா? ஊரு உலகத்துல இருக்கிற மாட்டுக்கெல்லாம் தீனி யோசிச்ச, உன் வீட்டுக்காரன் பொழப்ப யோசிச்சியா?"

இதில் ஒரு துளி நியாயம் இருந்தது. அந்தத் துளிதான் அவளை இன்னும் எரித்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ராத்திரி பகலா என்கிட்ட எல்லாத்தையும் கேட்டீங்களே, இதை ஏன் கேக்கல?"

அவன் டீயை எடுத்து ஆற்றினான். அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. அந்தச் சாயங்காலங்கள். டீ ஆறிப்போக ஆறிப்போக அவன் தலையசைத்துக் கேட்டது. "அப்புறம்?" என்று தூண்டியது. தன்னை ஒரு ஆளாக மதித்து ஒருவன் கேட்கிறான் என்று அவள் பூரித்துப் போனது. அதில் எதுவுமே அவளுக்காக இல்லை. கூட இருந்தே குழி பறித்தான், மண்வெட்டியையும் அவள் கையாலேயே எடுத்துக் கொடுக்க வைத்தான்.

"யாரு கொண்டுபோய் வச்சது?" என்று கேட்டாள்.

"நான்தான். வேற யாரு" என்றான் அவன், டீயைப் பார்த்துக்கொண்டே.

நம்பினாள். அத்தனைக்குப் பிறகும் நம்பினாள். நம்பிப் பழகிய மனசு, ஒரே நாளில் எங்கே போகும்?

இரண்டு நாள் அடுப்பை மூட்டினாள், சோறு போட்டாள். மூன்றாம் நாள் சௌம்யாவிடம் போய், "அன்னைக்குத் தெரியலைன்னு சொன்னது பொய். அது எங்க கடை உருண்டை. வச்சது எங்க வீட்டுக்காரர்" என்றாள். சௌம்யா அவளை நேராக ரேஞ்சர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். அங்கேயும் அதையே சொன்னாள். சொல்லி முடித்து வெளியே வந்தபோது பனி விலகி வெயில் அடித்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பார்கள். இறங்கியது போலத்தான் இருந்தது.

மறுநாள் காலை ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு காலனிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது கால் தயங்கவில்லை. லெட்சுமி வீட்டு வாசலில் வனக்காவலர் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தார். "பதினோரு மணிக்குள்ள ஆபீசுக்கு வந்துரணும்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். சரி, விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

லெட்சுமி கட்டிலில் சாய்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். அர்ஃபா பையைக் கீழே வைத்துவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"லெட்சுமிக்கா, உங்க முகத்துல முழிக்க எனக்குத் தைரியம் இல்லாம இருந்துச்சு. இப்பத்தான் விவரம் தெரிஞ்சது. பாதையில உப்பு வச்சது எங்க வீட்டுக்காரர். நேத்து ஆபீஸ்ல போய் நானே சொல்லிட்டேன்."

லெட்சுமி அவளையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஏதோ பாஷை தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"என்ன புள்ள கதைக்கிறீங்க? உப்பு வச்சது நான்தானே."

அர்ஃபாவுக்குப் புரியவில்லை.

"உங்க வீட்டுக்காரர்தான் சாக்கக் கொண்டாந்து குடுத்தாரு. வளைவுக்குக் கீழ, பாதைக்கு அந்தப் பக்கமாப் போட்டா மாடு பாதையத் தாண்டாம அங்கனயே நின்னுக்கும், கிளாஸ்ல சொல்லிருக்காங்க, அர்ஃபா சொல்லச் சொன்னா, தெனம் போற வழியில நாலு உருண்டையப் போட்டுட்டுப் போங்கன்னாரு. எனக்கு அப்பவே மனசு ஒப்பல. பாதைக்கிட்டயா போடுறதுன்னு நெனச்சேன். ஆனா புல்லு வரும்னு நீங்க சொன்னப்பவும் எனக்கு மனசு ஒப்பலையே. வந்துச்சுல்ல? நீங்க படிச்சுச் சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்னு போட்டேன். கூலி குடுக்க வந்தாரு. அர்ஃபா புள்ள சோலிக்குக் கூலியான்னு திருப்பி அனுப்பிட்டேன்."

மூச்சு வாங்கியது. விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தொடர்ந்தாள்.

"அன்னைக்கும் மடியில உருண்டை வச்சுருந்தேன். அதான் நேரா என்கிட்டயே வந்துச்சு. ஆஸ்பத்திரியில அதிகாரிங்க வந்து கேட்டாங்க, அங்க ஏதும் போட்டீங்களான்னு. நான் வாயத் தொறக்கல. மாடு வந்துச்சு, குத்துச்சுன்னேன், அம்புட்டுத்தான். உங்க பேரு வந்துருமேன்னு. நீங்க வந்து ஒரு எட்டுப் பாக்கலியேன்னு எனக்கு அழுகதான். அப்பவும் தொறக்கல."

அர்ஃபா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க தொறந்துட்டீங்க" என்றாள் லெட்சுமி. "உங்க வீட்டுக்காரரு நேத்து சாயங்காலமே ஆபீஸ்ல சொல்லிட்டாராம். நான் உப்பு மட்டுந்தான் குடுத்தேன், போட்டது அந்தப் பொம்பளைன்னு. காட்டுக்குள்ள மாட்டுக்கு உப்பு வைக்கிறது கேசாம். இப்ப வந்து சொல்லிட்டுப் போறாங்க."

"அக்கா, நான் சொல்லச் சொல்லல. சத்தியமா எனக்குத் தெரியாது."

லெட்சுமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "இருக்கும்" என்றாள். நம்புகிறாளா இல்லையா என்று அந்த ஒரு வார்த்தையில் கண்டுபிடிக்க முடியவில்லை. "இனிமே அத வச்சு என்ன பண்ண."

அர்ஃபா எழுந்தாள். ரொட்டிப் பை அங்கேயே கிடந்தது. காலனியிலிருந்து ரேஞ்சர் அலுவலகம் வரை ஏற்றம்தான். வழியெல்லாம் அவள் மனசில் ஒரே கணக்கு ஓடியது. சஜ்ஜாத் கொடுத்தான், லெட்சுமி போட்டாள். நடுவில் ஒரு ஆள் குறைகிறது. சொன்ன ஆள். அது தான்தான் என்று சஜ்ஜாத் ஒப்புக்கொள்ளமாட்டான். சொன்ன ஆள் இல்லையென்றால் லெட்சுமி தெரிந்தே செய்தவள் ஆகிறாள். சொன்ன ஆள் இருந்தால், பாடம் படித்தவள் ஒருத்தி சொன்னதை நம்பிச் செய்த அப்பாவி ஆகிறாள். அந்த ஆளைச் சஜ்ஜாத் முன்பே உண்டாக்கி வைத்திருந்தான். அவளுடைய பெயரையே வைத்திருந்தான். ஆபீசில் மட்டும் அதைச் சொல்லவில்லை. பொண்டாட்டி மேல் இரக்கமா? கடை உரிமம் போய்விடும் என்ற பயம் அது.

அலுவலகத்தில் பெஞ்சில் சஜ்ஜாத் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழப் போனான். அவள் அவனைத் தாண்டி நேராக ரேஞ்சர் மேசைக்குப் போனாள். அங்கே சௌம்யாவும் இருந்தாள்.

"சார், நேத்து நான் பாதிதான் சொன்னேன்" என்றாள். "லெட்சுமிக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. உப்பைப் போடச் சொன்னது நான். கிளாஸ்ல படிச்சதுன்னு சொல்லி நம்ப வச்சேன். நான் சொன்னதாலதான் போட்டாங்க."

சௌம்யா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "அர்ஃபா, வைக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்."

"தெரியும் மேடம். தெரிஞ்சேதான் சொன்னேன்."

சௌம்யாவின் முகம் மாறியது. அந்த முகத்தில் இனி தனக்கு இடமில்லை என்பதையும், அடுத்த மழைக்கு ஊத்துப்பள்ளத்தில் கால் வைக்கத் தன்னை விடமாட்டார்கள் என்பதையும் அர்ஃபா நின்ற நிலையிலேயே தெரிந்துகொண்டாள். முளைக்கப் போகிற வாட்டிலை யார் பிடுங்குவார்கள் என்ற நினைப்பும் அந்த நேரத்திலும் வந்தது.

ரேஞ்சர் சஜ்ஜாத்தைப் பார்த்தார். "என்னப்பா, நேத்து இதைச் சொல்லலையே நீ. உன் சம்சாரம்தான் சொல்லிவிட்டுச்சா?"

அர்ஃபா திரும்பிப் பார்த்தாள். இல்லை சார், அவளுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் நான் சொன்ன பொய் என்று அவன் சொன்னால் போதும். ஒரு வாக்கியம். வருஷக்கணக்கில் அவன் வாயிலிருந்து அவள் வேறு எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள், கண்ணால். உறவில்லாத லெட்சுமியே வலியோடு படுத்துக்கொண்டு அவளுக்காக வாயை மூடி வைத்திருந்தாள். இவன் அவளுக்காக வாயைத் திறந்தால் போதும்.

சஜ்ஜாத் ஜீப் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"ஆமா சார்" என்றான்.